வாசல் முதல் கொல்லை வரை: எல்லைநிலத்து வீடுகளில் அந்தரங்கமும் உறவாடலும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்திலுள்ள நாகரசம்பட்டி பேரூராட்சியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருவேறு காலத்து வீடுகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. தெருவை நோக்கித் திண்ணையை நீட்டி, ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரையோடு, உள்ளே போகப்போக வெளிச்சமும் பேச்சொலியும் குறைந்துவரும் பழைய வீடு ஒருவகை. தெரு முடியும் இடத்திலேயே இரும்புக் கதவு தொடங்கி, நுழைந்த இரண்டாம் அடியிலேயே வந்தவரை வீட்டின் நடுக்கூடத்தில் நிறுத்திவிடும் கான்கிரீட் வீடு மற்றொரு வகை. இவற்றின் வேறுபாடு பெரும்பாலும் கட்டுமானப் பொருளின் வேறுபாடாகவும் வசதியின் வேறுபாடாகவுமே பேசப்படுகிறது. ஆயினும் ஊராரும் உறவினரும் எதுவரை வரலாம், குடும்பத்தார் எங்கே தம்மை மறைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு இவை தரும் விடைகளே அடிப்படையில் வேறானவை.

இக்கேள்வி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மலாய் வீட்டை ஆராய்ந்து லிம் ஜீ யுவான் 1987இல் வெளியிட்ட நூலும், தென்கிழக்காசிய வீடுகளை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்து ரொக்சானா வாட்டர்சன் 1990இல் வெளியிட்ட நூலும், வீட்டின் தளமட்டங்களும் அறைகளின் வரிசையும் உறவுமுறை, பால், மரியாதை ஆகியவற்றோடு பிணைந்திருப்பதை விரிவாகக் காட்டின. அவ்வெளிச்சத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லைநிலத்தின் வீடுகளைப் பார்க்கும்போது ஒரு பொதுப் பண்பு தெளிவாகிறது: மரபு வீடுகள் அந்தரங்கத்தைச் சுவரால் அன்று, இடைவெளிகளின் வரிசையால் காத்தன. தெருவுக்கும் படுக்கைக்கும் இடையே எத்தனை இடைநிலை இடங்கள் இருந்தன என்பதே உறவாடலின் அளவையும் மறைவின் அளவையும் ஒருசேரத் தீர்மானித்தது.

எல்லைநிலமும் அதன் வீடுகளும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் கீழ்ப்பகுதியான பாராமகால், திப்பு சுல்தானுடனான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792இல் ஆங்கிலேயரிடம் வந்தது. மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி 1799க்குப் பிறகே அவர்கள் ஆட்சியில் சேர்ந்தது. அதுவரை மைசூருடன் ஒட்டியிருந்த இந்நிலத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இன்றளவும் வீட்டுமொழிகளாக வழங்குவதால், வீட்டின் உறுப்புகளுக்கும் மும்மொழிப் பெயர்கள் உண்டு. தமிழர் திண்ணை என்பதைக் கன்னடம் பேசுவோர் ஜகலி என்பர், தெலுங்கர் அருகு என்பர். வானம் பார்த்த நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட வீடு தமிழில் தொட்டிக்கட்டு வீடு என்றும் கன்னடத்தில் தொட்டி மனெ என்றும் வழங்கும்; ஆந்திரப் பகுதியின் மண்டுவா வீடும் இவ்வமைப்பையே சேர்ந்தது. பெயர்கள் மாறினும் இடங்களின் வரிசை மூன்று மொழியாருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

வசதி படைத்த குடியானவர்களுக்கே தொட்டிக்கட்டு வீடு வாய்த்தது. பெரும்பாலோரின் வீடு ஓரடிக்கு மேல் தடிமனுள்ள மண்சுவரும், பனையோலையோ புல்லோ நாட்டு ஓடோ வேய்ந்த கூரையும், ஒன்றிரண்டு அறைகளும் கொண்டது. பாசல் மிஷன் அமைப்பினர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின் பரவிய சீமை ஓடு, கூரையின் எடையைக் குறைத்ததே தவிர வீட்டின் திட்டத்தை மாற்றவில்லை. கருங்கல் மலிந்த இம்மாவட்டத்தில் வாசற்படியும் தூணும் திண்ணை விளிம்பும் கல்லால் அமைவது இயல்பு. ஓரறை வீடாயினும் அதற்கு முன்னால் சாணமிட்டு மெழுகிய வாசலும், வாசலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு திண்ணையும், பின்னால் அடுப்படியும் கொல்லையும் இருந்தன. ஆகவே இடைநிலை இடங்கள் செல்வத்தின் அடையாளமல்ல. வறிய வீட்டில் அவை சுருங்கினவே அன்றி மறையவில்லை.

படிப்படியான நுழைவு

இவ்வரிசையின் முதல் உறுப்பு வாசல். கோலமிடப்படும் இந்நிலம் சட்டப்படி தெருவின் பகுதியாக இருக்கலாம். எனினும் அதைப் பெருக்கித் தெளிப்பவர் வீட்டுப் பெண்ணாதலால், வழக்கத்தில் அது வீட்டுக்கு உரியது. தெருவில் போகிறவர் தயங்காமல் கடக்கும் இவ்விடத்தில் தானியம் உலரும், மாடு கட்டப்படும், கோடையில் கட்டில் போடப்படும். இரண்டாவது உறுப்பான திண்ணை தெருமட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்ந்து, கூரையின் நிழலுக்குள் அமைந்தது. நிற்பவரும் அமர்ந்தவரும் ஏறத்தாழ ஒரே கண்மட்டத்தில் பேச இவ்வுயரம் உதவியது. ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தைக்கு நடந்துவந்த வெளியூரார்க்கும், கணக்குப் பார்க்க வந்த வியாபாரிக்கும், திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கும் வீட்டாரின் உள்வாழ்வைத் தொடாமல் இடமளிக்கக்கூடிய இடம் இதுவே. விருந்தோம்பலுக்கு வீட்டைத் திறந்துவிட வேண்டிய தேவையைத் திண்ணை நீக்கியது.

மூன்றாவது உறுப்பு நடை, அதாவது தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழி. இலக்கிய வழக்கில் இடைகழி எனப்படும் இவ்விடத்துக்குத் தமிழ்ச் சமய மரபில் தனிப்புகழ் உண்டு. கிருஷ்ணகிரியைக் கடந்து கிழக்கே ஓடும் அதே தென்பெண்ணையின் கரையிலுள்ள திருக்கோவலூரில், மழையிரவொன்றில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவேயுள்ள ஓர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்ததாக வைணவ மரபு கூறுகிறது. அக்கதையின் நம்பகத்தன்மை எவ்வாறாயினும், முன்பின் அறியாத ஒருவர் இரவில் கதவைத் தட்டினால் திண்ணையைத் தாண்டி அவரை வரவேற்கக்கூடிய எல்லை இடைகழி என்பதை அது இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

இதற்கப்பால் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், உறவினர் அமரும் கூடமும், தானியக் குதிரும் பெட்டிகளும் புதுமணத் தம்பதியரும் இடம்பெறும் உள்ளறையும், இறுதியில் அடுப்படியும் கிணறும் கொல்லையும் வரும். கொல்லைக்குத் தனி வழி இருந்ததால் பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருப்பக்கம் வராமலேயே ஒருவரையொருவர் கண்டு பேசினர். எனவே இவ்வீட்டுக்கு ஒரு பொதுமுகம் அன்று, இரண்டு பொதுமுகங்கள் இருந்தன: முன்பக்கம் ஆண்களும் அயலாரும் கூடும் திண்ணை, பின்பக்கம் பெண்களும் உழைப்பும் கூடும் கொல்லை. அந்தரங்கம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது.

கதவுகள் பகல் முழுதும் திறந்திருந்தும் இந்த நடுப்பகுதி எவ்வாறு மறைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பல வீடுகளில் தெருக்கதவும் கொல்லைக்கதவும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தன. தெருவிலிருந்து பார்த்தால் பின்கட்டுவரை பார்வை ஓடியிருக்க வேண்டும். அதைத் தடுத்தது வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு. வெயில் எரிக்கும் தெருவில் நிற்பவரின் கண்ணுக்குத் தாழ்ந்த இறவாரத்தின் பின்னுள்ள உட்பகுதி இருண்டே தோன்றும்; நிழலில் இருப்பவருக்கோ தெருவில் நடப்பவை அனைத்தும் துலக்கமாகத் தெரியும். ஆகவே வீட்டார் பார்க்கலாம், பார்க்கப்படமாட்டார். முற்றத்தின் வெளிச்சம் நடுவில் குறுக்கிட்டு அதற்கு அப்பாலுள்ள கூடத்தின் மூலைகளை மேலும் மங்கச்செய்தது. சுவர் எழுப்பாமலேயே பார்வையை ஒருவழிப்படுத்திய இவ்வமைப்பு, ஒலியை மட்டும் தடுக்கவில்லை. வருகிறவர் வாசலிலேயே நின்று, "யாருங்க வீட்டுல?" என்று குரல்கொடுத்த பிறகே படியேறுவது வழக்கம், குரலுக்கும் காலடிக்கும் இடைப்பட்ட அச்சிறு நேரத்தில் வீட்டார் தம்மைத் திருத்திக்கொண்டனர்.

இடத்தைப்போலவே நேரமும் பகிர்ந்தளிக்கப்பட்டது. காலையிலும் மாலையிலும் ஆண்களுக்கு உரியதாக இருந்த திண்ணை, அவர்கள் கழனிக்குப் போன நண்பகலில் புளி கொட்டையெடுக்கும், நிலக்கடலை உரிக்கும் பெண்களின் இடமாயிற்று. இரவில் முதியவரும் மணமாகாத இளைஞரும் அங்கே உறங்கினர். அதன் விளைவாக உள்ளே இருந்த ஒரே அறை மணமானவர்களுக்குக் கிடைத்தது. அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒரே இடத்தை வெவ்வேறு பொழுதில் வெவ்வேறு ஆட்களுக்குத் தருவதே சிறிய வீட்டில் பெரிய குடும்பம் வாழ்ந்ததற்கான வழியாக இருந்தது.

கடல்கடந்த நாடுகளின் விடைகள்

மலாய் வீடு தூண்கள்மேல் நிற்பது. அதன் முன்பகுதியான செராம்பி, ஆண் விருந்தினரை வரவேற்கும் நீண்ட தாழ்வாரம்; அதைவிடச் சற்று உயர்ந்த மட்டத்தில் அமைந்த ரூமா இபு, குடும்பத்தின் முதன்மைக் கூடம்; பின்னால் தாழ்ந்த மட்டத்தில் சமையற்பகுதியான டாப்பூர். சில வகை வீடுகளில் ரூமா இபுவையும் டாப்பூரையும் செலாங் என்னும் இணைப்பு நடை சேர்க்கிறது. பெண்கள் பின்படி வழியாக வந்துபோகின்றனர். உள்ளே தடுப்புச் சுவர்கள் மிகக் குறைவு; தரையின் ஏற்ற இறக்கமே எங்கே நிற்க வேண்டும் என்பதை உணர்த்திவிடுகிறது. முன்னும் பின்னும் இரு பொதுமுகங்கள், நடுவே மறைவு என்ற பாராமகால் வரிசையை இவ்வீடு வேறு பொருளால், வேறு தட்பவெப்பத்தில் தானாகவே கண்டடைந்திருக்கிறது.

ஜாவாவின் உயர்குடி வீட்டில் இவ்வரிசை தனித்தனிக் கட்டடங்களாகவே விரிகிறது. முன்னால் சுவரே இல்லாத பெண்டொப்போ என்னும் மண்டபம் ஊராருக்குரியது. பின்னால் டாலெம் என்னும் மூடிய உள்வீடு. அதன் கடைசியில் செந்தோங் எனப்படும் மூன்று சிற்றறைகள், அவற்றுள் நடு அறை நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்கு உரியது. மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையே நிழற்பாவைக் கூத்து நிகழும் பிரிங்கித்தான் என்னும் இடைப்பகுதி அமைகிறது. குடும்பத்தின் மிக ஆழ்ந்த அறை தானியத்தோடும் தெய்வத்தோடும் தொடர்புறுவது, குதிரும் சாமியும் உள்ளறையில் இருந்த தமிழ் வீட்டை நினைவூட்டுகிறது.

சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் தாய்வழி உரிமையினர். அவர்களுடைய ரூமா காடாங் என்னும் பெருவீட்டில் முன்பாதி முழுதும் பொதுக்கூடம். பின்பாதியில் மணமான பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. மரபுப்படி கணவன் இரவில் வந்து செல்பவன். வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு அவ்வீட்டில் படுக்கை இல்லாததால் அவர்கள் சுராவ் என்னும் தொழுகைக் கூடத்தில் உறங்கினர். தமிழ் இளைஞனைத் திண்ணைக்கு அனுப்பிய அதே நெருக்கடியை மினாங்கபாவ் சமூகம் ஊர்ப்பொது இடத்தைக் கொண்டு தீர்த்தது.

போர்னியோவின் நீள்வீடு இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. இபான் நீள்வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிலிக் என்னும் தனிப்பகுதியும் தனி அடுப்பும் தனி நெல்லும் உண்டு. அவற்றுக்கு முன்னால் வீட்டின் முழுநீளத்துக்கும் ருவாய் என்னும் அகன்ற கூடமும், அதற்கு வெளியே தஞ்சு என்னும் திறந்த மேடையும் ஓடுகின்றன. மேற்குக் கலிமந்தானின் கெராய் தாயாக்கு மக்களிடையே ஆய்வுசெய்த மானிடவியலாளர் கிறிஸ்டின் ஹெலிவெல், குடும்பங்களுக்கு இடையிலான தடுப்புகள் ஒலியையும் ஒளியையும் வேண்டுமென்றே கடக்கவிடுவதைச் சுட்டிக்காட்டி, நீள்வீடு குரல்களால் ஆன சமூகம் என்று வாதிட்டார். பார்வைக்கு மறைவும் செவிக்குத் திறப்பும் என்ற இவ்வேறுபாடு, வாசலில் நின்று குரல்கொடுக்கும் பாராமகால் வழக்கத்தோடு ஒத்துப்போகிறது.

தமிழகத்திலும் நீள்வீட்டுக்கு இணையான ஓர் ஏற்பாடு உண்டு. பர்மாத் தேக்கால் இழைக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. நகரத்தார் வழக்கில் மணமானவர்கள் தனிப் புள்ளியாகக் கணக்கிடப்பட்டு, ஒரே கூரையின்கீழ் தனி அடுப்பு வைத்தனர். செலவும் சமையலும் தனி, சடங்கும் முற்றமும் பொது என்ற இந்தப் பிரிவினை கூட்டுக்குடும்பத்தைச் சிதறாமல் காத்தது. அடுப்பைத் தனியாக்கி முற்றத்தைப் பொதுவாக்கியவர்கள், தம் வணிகத்துக்காகக் கடல்கடந்து தென்கிழக்காசியாவில் நெடுநாள் வாழ்ந்தவர்களும் ஆவர்.

யாருடைய அந்தரங்கம்

இவ்வீடுகளைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். மரபு வீடு காத்தது குடும்பத்தின் அந்தரங்கத்தையே அன்றித் தனிமனிதரின் அந்தரங்கத்தை அன்று. குடும்பத்துக்குள் தாழிட்டுக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் எவருக்கும் இல்லை. மருமகளுக்கு அறவே இல்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் தாழ்வாரத்திலோ கொல்லைப்புறத்திலோ ஒதுக்கிவைத்தது தனிமை அளிப்பதற்காக அன்று, விலக்கிவைப்பதற்காக. கழிப்பறை இல்லாத வீட்டில் பெண்கள் இருள் பிரியுமுன்னும் இருட்டிய பின்னும் காட்டுப்பக்கம் செல்ல வேண்டியிருந்தது. இந்தக் கேட்டை எந்த முற்றமும் ஈடுசெய்யவில்லை.

சாதியும் இதே படிவரிசையைப் பயன்படுத்தியது. எவர் திண்ணையில் அமரலாம், எவர் வாசலிலேயே நிற்க வேண்டும், எவர் கொல்லைவழியாக மட்டுமே வரலாம் என்பதைச் சாதிக்கட்டு வரையறுத்தது. வழிப்போக்கருக்குத் திறந்திருந்த திண்ணை, அதே ஊரின் சேரியில் வாழ்ந்தவருக்கு மூடியே இருந்தது. ஆகவே இடைநிலை இடம் தன்னளவில் நல்லதுமன்று தீயதுமன்று. அதில் அமரும் உரிமை யாருக்கு என்ற விதியே அதன் இயல்பை நிர்ணயித்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, அவ்வுரிமை தனிமனிதருக்கு உரியதாக வரையறுக்கப்பட்டது. பழைய வீட்டின் விதி அதற்கு நேரெதிரானது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே அதிலிருந்து எதைப் பெறலாம் என்று கேட்க முடியும்.

சிப்காட் காலத்து வீடு

சிப்காட் எனப்படும் தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டு, அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய நிறுவனங்கள் அங்கே வந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. போச்சம்பள்ளிப் பகுதியில் 2021இல் ஓலா மின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, அது முழுதும் பெண்களாலேயே இயக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, நாகரசம்பட்டியைச் சூழ்ந்த வேளாண் ஊர்களும் தொழிற்பகுதியின் எல்லைக்குள் வந்துவிட்டன. தொழிலாளரின் வருகை வாடகை வீட்டுக்கான தேவையைப் பெருக்கியது; மனையின் ஒவ்வோர் அடியும் வாடகையாக எண்ணப்படலாயிற்று.

இத்தேவைக்குப் பிறந்த வடிவம் லைன் வீடு: ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட பல குடியிருப்புகள், அவற்றுக்கு முன்னால் ஓர் ஒடுங்கிய நடைவழி, ஒரு கோடியில் தண்ணீர்த் தொட்டி. திட்டத்தளவில் இது நீள்வீட்டைப் போன்றதே. குடும்பத்துக்கு ஓர் அறை, தனி அடுப்பு, பொதுவான முன்வழி. வேறுபாடு அந்த முன்வழியின் அகலத்தில் இருக்கிறது. இபான் வீட்டின் ருவாய் குடும்ப அறைக்கு நிகரான இடத்தைப் பொதுவுக்கு அளித்தது. லைன் வீட்டின் நடைவழியில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட லயங்கள் மிகக் கொடிய நெருக்கடியில் அமைந்தவை. அவற்றில்கூட அறைக்கு முன்னால் இஸ்தோப்பு என்று அம்மக்கள் அழைத்த சிறு முன்தாழ்வாரம் பெரும்பாலும் இருந்தது. லைன் வீட்டில் அதுவும் வாடகைக் கணக்கில் கரைந்துபோயிற்று.

இடைநிலை இடம் இல்லாத வீட்டில் கதவு இரண்டே நிலைகளை அறியும். அதைத் திறந்தால் படுக்கையும் பாத்திரமும் தெருவுக்குத் தெரியும்; மூடினால் காற்றும் அண்டைவீட்டாரும் ஒருசேர விலகுவர். வெவ்வேறு மொழி பேசும் ஊர்களிலிருந்து வந்து, மாறிமாறி வரும் பணிமுறைகளில் உழைத்து, பகலில் உறங்க வேண்டிய தொழிலாளருக்கு இத்தேர்வு இன்னும் கடினமானது. எனவே உறவாடல் வீட்டைவிட்டு வெளியேறித் தேநீர்க் கடைக்கும் கோயில் திண்ணைக்கும் மொட்டைமாடிக்கும் சென்றுவிட்டது. அவ்விடங்களுள் முதலாவதில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் இழப்பு இருபாலாருக்கும் சமமாக விழவில்லை.

அதேவேளையில் புதிய வீடு அளித்த பேறுகளும் மெய்யானவை. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, தாழிடக்கூடிய அறை, சாதி கேட்காத வாடகை அறைகள் சில ஆகியவை பழைய வீடு எக்காலத்தும் தராதவை. தன் சம்பளத்தில் ஒரு பூட்டும் சாவியும் உள்ள அறையைப் பெற்ற இளம்பெண்ணிடம் முற்றத்தின் அருமையைப் பேசுவது அவளுடைய ஆதாயத்தை மறுப்பதாகிவிடும். ஆகவே திரும்பிச் செல்வது தீர்வாகாது. புதிய வீட்டின் தாழ்ப்பாளையும் பழைய வீட்டின் இடைவெளியையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவதே செய்யத்தக்கது.

அறுபது சதுர அடி

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதை அரசின் திட்டம் ஒன்றே உணர்த்துகிறது. தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழ்வோர்க்கு 3.5 லட்சம் ரூபாய் செலவில் 360 சதுர அடியில் வீடு அளிக்கப்படுகிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையோடும் எஞ்சிய 60 சதுர அடி பயனாளியின் விருப்பத்துக்கேற்ப ஓடு முதலிய வேறு கூரையோடும் அமையலாம். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட ஒரு திண்ணைக்கு அந்த 60 சதுர அடி போதுமானது. அது தெருவைப் பார்த்து, கூரை தாழ்ந்து, இரண்டடி உயர்ந்து, அறைக்கதவை நேரே காட்டாமல் சற்று விலகி அமைந்தால், வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வும் பார்வையின் மறிப்பும் மீண்டும் வேலைசெய்யத் தொடங்கும்.

லைன் வீட்டுக்கும் இக்கணக்கு பொருந்தும். பத்துக் குடியிருப்புகளைக் கட்டும் உரிமையாளர் நடைவழியை மூன்றடியிலிருந்து ஆறடியாக அகலப்படுத்தி, வாசல்தோறும் அமரத்தக்க ஒரு மேடையைச் சேர்த்தால், அவர் இழப்பது வாடகையில் ஒரு பங்கு. குடியிருப்போர் பெறுவது கதவைத் திறந்துவைத்தும் மறைவோடு வாழும் வாய்ப்பு. பேரூராட்சியும் மாநகராட்சியும் கட்டட அனுமதி வழங்கும்போது மனையெல்லையிலிருந்து விடவேண்டிய காலியிடத்தைக் கேட்கின்றன. பலர் சேர்ந்து வாழும் வாடகைக் கட்டடங்களுக்கு, நிழலும் இருக்கையும் உள்ள பொதுத் தாழ்வாரத்தையும் ஒரு நிபந்தனையாக அவை சேர்க்கலாம். பழைய திண்ணையில் யார் அமரலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. புதிய தாழ்வாரம் எழுதப்பட்ட விதியால் உருவாகுமானால் அங்கே அமரும் உரிமை குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாகத் தேநீர்க் கடையில் இடம்பெறாத பெண்களுக்கும், சமமாகக் கிடைக்கும். மரபு வீட்டின் அறிவை அதன் அநீதியிலிருந்து பிரித்தெடுக்க அத்தகைய விதியே உறுதியான வழி.